கழுவப் போடும் முன் வரைந்துவிடுங்கள்

எங்கள் வீட்டில் காப்பி குடித்த தம்ளர் அரை மணி நேரத்துக்கு மேல் திண்ணையில் தங்காது. 82 வயதிலும் அம்மாவின் கண் அதன்மேலேயே இருக்கும். விளிம்பில் ஒட்டிய நுரை காய்ந்துவிட்டால் தேய்த்துக் கழுவ வேண்டுமே என்று, எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். நான் நீர்வண்ணம் தீட்டக் கற்றுக்கொண்டது அந்த அரை மணி நேரங்களில்தான். காலைக் காப்பியோடு வரையத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்: வரைவதற்கென்று அழகான பொருளைத் தேடி எடுத்து வைக்காதீர்கள். இன்று காலையில் புழங்கிய பொருளை, கழுவி அடுக்கும் முன் வரையுங்கள்.

கழுவிக் கவிழ்த்த தம்ளர் எல்லா வீட்டிலும் ஒரே தம்ளர்தான். குடித்து வைத்த தம்ளரில் ஆள் தெரிவார். என் வீட்டுக்காரர் விடியும் முன்பே எழுந்து, எங்கள் அறுபது ரப்பர் மரங்களிலும் பால் வெட்டிவிட்டு, சிரட்டைகளில் பால் வடிந்து சேரும் இடைவேளையில் காப்பிக்கு வருவார். குடித்துவிட்டுத் தம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு மறுபடி தோட்டத்துக்குப் போய்விடுவார். அந்தத் தம்ளரின் வெளிப்பக்கத்தில் அவருடைய பெருவிரல் தடம் இருக்கும். ரப்பர் பால் பட்ட விரல் ஆகையால் அந்தத் தடம் மங்கிய வெள்ளையில் ஒரு தோல்போலக் காய்ந்திருக்கும். உள்ளே காப்பி நின்று நின்று இறங்கிய கோடுகள். மூன்று கோடு இருந்தால் மூன்று மிடறில் குடித்திருக்கிறார், அவசர நாள் என்று பொருள். இதைப் பார்த்த அன்றுதான் நான் பூச்சாடியையும் கிளிஞ்சலையும் விட்டுவிட்டுத் தம்ளரை வரையத் தொடங்கினேன்.

நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறுக்குப் பக்கம், ஓட்டு வீடு. 31 ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு தூரிகையைத் தொட்டவள். யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை. ஆகவே இதில் எழுதுவதெல்லாம் என் திண்ணையில் நானே செய்து பார்த்தவை.

முதலில் காப்பி. பில்டரில் டிகாக்‌ஷன் இறங்குவதற்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். வரையும் இடத்தைத் தயார் செய்ய அந்த நேரம் சரியாகப் போதும், ஆகவே இரண்டையும் ஒன்றாகத் தொடங்குங்கள். மூன்று பேருக்கு நான்கு மேசைக்கரண்டி பொடி போடுகிறேன். சிக்கரி கொஞ்சம் கலந்த பொடியானால் நீர் மெதுவாக இறங்கும், டிகாக்‌ஷன் கட்டியாக இருக்கும். பொடியை லேசாக அமுக்கிவிடுங்கள். அழுத்தித் திணித்தால் நீர் மேலேயே நின்றுவிடும். கொதித்து அடங்கிய நீரை முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, அரை நிமிடம் பொறுத்து, மீதியை ஊற்ற வேண்டும். பொடி முதலில் ஊறி உப்பினால்தான் நீர் எல்லாப் பக்கமும் சமமாக இறங்கும். அவசரத்தில் ஒரே மூச்சில் ஊற்றினால் ஓரத்தில் வழி கண்டுபிடித்து ஓடிவிடும். கீழே சேர்வது நிறம் மட்டும்தான்.

ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விடாமல் பிடிக்கும்போது கருப்பட்டிக் காப்பிதான். சுக்கும் மல்லியும் நான்கு மிளகும் தட்டிப் போட்டு, கருப்பட்டி கரைந்து நன்றாகக் கொதித்த பிறகு காப்பிப்பொடி தூவி இறக்கி, மூடி வைத்துத் தெளிந்ததும் வடிகட்டுவது எங்கள் வழக்கம். அந்த நாட்களில் வரையவும் நேரம் அதிகம் கிடைக்கும். மழையில் பால் வெட்டு இல்லாததால் வீட்டுக்காரரும் திண்ணையிலேயே இருப்பார்.

எந்தக் காப்பியானாலும், பாலும் இனிப்பும் சேர்க்கும் முன் ஒரு கரண்டி டிகாக்‌ஷனைத் தனியாக எடுத்து ஒரு சிறு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் இடத்தைப் பாருங்கள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். வலக்கையால் வரைகிறவர்களுக்கு இடப்பக்கத்திலிருந்து வந்தால் நல்லது. கையின் நிழல் தாளில் விழாது. மேலே எரியும் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் இருந்தால் பொருளுக்கு இரண்டு நிழல் விழும், தொடங்குகிறவர்களால் அதைச் சமாளிக்க முடியாது. எங்கள் திண்ணைக்கு எதிரே ரப்பர் தோட்டம். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் இலைக்கூட்டத்தின் வழியாகப் பச்சை கலந்த வெளிச்சம்தான் வரும். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிடும். அப்போது முற்றம் முழுக்க வெயில். அதே தம்ளருக்குக் கத்தியால் வெட்டியதுபோல் நிழல் விழும். மாசியில் தாமிர நிறத்தில் தளிர் வந்ததும் வெளிச்சம் மறுபடி மென்மையாகிவிடும். உங்கள் வீட்டில் தென்னையோ மாமரமோ பக்கத்து வீட்டுச் சுவரோ இருக்கலாம். எந்த மாதம் எங்கே வெளிச்சம் விழுகிறது என்று ஒரு வருடம் கவனித்து வையுங்கள்.

பொருட்களில் பணத்தைத் தாளுக்குச் செலவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நாகர்கோவிலில் ஒரு கடையில் நீர்வண்ணத்துக்கான நோட்டு என்று சொல்லித் தந்ததை வாங்கி வந்தேன். ஈரத் தூரிகை இரண்டாவது முறை பட்டதுமே தாள் திரி திரியாக உரிந்தது. ஒரு மாதம் முழுக்க என் கைதான் சரியில்லை என்று நினைத்து வருந்தினேன். பிறகு நல்ல தாள் கைக்கு வந்த அன்று, அதே கையில், அதே வண்ணம் தெளிந்த நீர்போல ஓடியது. குறைந்தது 300 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் எடை இருக்க வேண்டும். பருத்தித் தாளானால் இன்னும் நல்லது. விலை உறுத்தினால் பெரிய தாளாக வாங்கி அஞ்சலட்டை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். தம்ளருக்கும் பழத்துக்கும் அந்த அளவு தாராளம். வாங்கும் முன் ஒரு மூலையில் ஒரு சொட்டு நீர் வைத்துப் பாருங்கள். சொட்டு முத்துப்போல் கொஞ்ச நேரம் நின்றால் நல்ல தாள். உடனே உறிஞ்சிக் கருத்துப் போனால் வேண்டாம்.

அப்படி நீரைக் கொஞ்ச நேரம் மேலேயே நிறுத்துவது, தாளில் ஏற்றியிருக்கும் ஜெலட்டின் போன்ற பசை. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ஈரக்காற்றில் கிடக்கும் தாளில் அந்தப் பசை கெட்டுவிடும். பிறகு வண்ணம் தீட்டினால் புள்ளி புள்ளியாகக் கறுத்து உறிஞ்சும், எந்த மருந்தும் அதற்குக் கிடையாது. நான் தாளை இறுக மூடும் தகர டப்பாவில், மாத்திரைப் புட்டிகளில் வரும் சிறு ஈரம் உறிஞ்சிப் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன். காப்பிப்பொடி டப்பாவுக்கு என்ன மரியாதை தருகிறோமோ அதே மரியாதையைத் தாள் டப்பாவுக்கும் தர வேண்டும்.

வண்ணத்தில் மாணவர்களுக்கான டியூப்களே தொடக்கத்துக்குப் போதும். என்னிடம் இருப்பவை ஐந்து: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், லெமன் மஞ்சள், கிரிம்சன் சிவப்பு. கறுப்பு வாங்கவில்லை. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கறுப்பு வரை போகும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், பழுப்பு கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். அடுக்களைப் பொருட்களில் பாதி இந்த இரண்டு வண்ணத்திலேயே முடிந்துவிடும். நீர்வண்ணம் என்பது நிறப்பொடியும் வேலமர இனத்துப் பிசினும் சேர்ந்தது. காய்ந்தாலும் நீர் பட்டதும் இளகும். ஆகையால் தட்டில் காய்ந்து கிடக்கும் வண்ணத்தைக் கழுவிக் கொட்டாதீர்கள். தேன் சேர்த்த வண்ணங்களும் கிடைக்கின்றன. நம் ஊர் ஈரத்தில் அவை காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும், எனக்குச் சரிப்படவில்லை. தூரிகை இரண்டு போதும், வட்ட முனையில் 8ஆம் எண்ணும் 4ஆம் எண்ணும். பழைய வேட்டித் துண்டு ஒன்று. நீருக்கு இரண்டு கிண்ணம்: ஒன்றில் தூரிகையைக் கழுவ, இன்னொன்றில் தெளிந்த நீர் எடுக்க. இரண்டும் வலப்பக்கம் இருக்கட்டும், காப்பி இடப்பக்கம். இந்த இடத்தை மாற்றவே மாற்றாதீர்கள். கண் தம்ளரில் இருக்கும்போது கை பழகிய திசைக்குத்தான் போகும்.

இனி அந்தத் தம்ளர். பென்சிலை நீட்டிப் பிடித்து, தம்ளரின் அகலத்தைப் போல் உயரம் எத்தனை மடங்கு என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். நடுவே ஒரு செங்குத்துக் கோடு லேசாகப் போட்டு, அதன் இருபக்கமும் சமமாக வரையுங்கள். வாய் ஒரு நீள்வட்டம். அது உங்கள் கண் மட்டத்துக்கு நெருக்கமாக இருப்பதால் ஒடுங்கித் தெரியும். அடிப்பாகம் இன்னும் கீழே இருப்பதால் அதன் வளைவு வாயைவிட அதிகம் உருண்டிருக்கும். எல்லோரும் தவறுவது இங்கேதான். தம்ளர் தரையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று மனதுக்குத் தெரியும், அதனால் கை அடியில் நேர்கோடு இழுத்துவிடும். மனதுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரிவதை வரையுங்கள். நீள்வட்டத்தின் இரு முனைகளும் கூராக இருக்கக்கூடாது, அங்கேயும் வளைவுதான்.

எவர்சில்வருக்குத் தனி நிறம் கிடையாது. சுற்றிலும் இருப்பதைத்தான் அது காட்டும், அதுவும் உருளை வடிவம் ஆகையால் எல்லாவற்றையும் நெருக்கிச் செங்குத்துப் பட்டைகளாக்கிக் காட்டும். எங்கள் திண்ணையில் சிவப்புச் சிமென்ட் தரை. தம்ளரின் கீழ்ப்பாகத்தில் அந்தச் சிவப்பு ஏறி நிற்கும். அதற்குப் பக்கத்தில் தோட்டத்துப் பச்சை ஒரு பட்டை, வானத்தின் வெளிர்நீலம் ஒரு பட்டை, என் சேலை நிறம் ஒரு மெல்லிய கோடு. முதலில் மிக நீர்த்த சாம்பலை மின்னும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தம்ளர் முழுக்கத் தீட்டுங்கள். பிறகு தூரிகையைக் கீழே வையுங்கள்.

இப்போது உங்கள் காப்பியைக் குடியுங்கள். நீர்வண்ணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காய்வதற்குள் மறுபடி தொடும் கைதான். அந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டும். தம்ளரைப் பிடித்திருக்கும் கை தூரிகையை எடுக்காது. ஒரு மிடறு குடித்துவிட்டுத் தாளைப் பாருங்கள். ஈரப் பளபளப்பு இன்னும் இருந்தால் இன்னொரு மிடறு. பளபளப்புப் போனதும் புறங்கையைத் தாளின்மேல் லேசாக வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. மாசி வெயிலில் இரண்டு மூன்று மிடறில் காய்ந்துவிடும். ஆடிச் சாரலில் தம்ளர் காலியாகி அம்மா வந்து நின்றாலும் காயாது. அந்த நாட்களில் இரண்டு தாளை வைத்துக்கொண்டு மாறி மாறித் தீட்டுகிறேன்.

காய்ந்ததும் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் ஒரே இழுப்பில் மேலிருந்து கீழ். கீழே இருக்கும் வண்ணமும் பிசின்தான் என்பதால் தேய்த்தால் அதுவும் கலைந்து வந்துவிடும். சில பட்டைகளின் ஒரு ஓரத்தை மட்டும் ஈரத் தூரிகையால் தொட்டு மென்மையாக்குங்கள், இன்னொரு ஓரம் கூராகவே இருக்கட்டும். உலோகம் என்று கண் நம்புவது அந்தக் கூர்மையால்தான். கடைசியில் மிகக் கறுத்த கோடு ஒன்றோ இரண்டோ, விளிம்பின் உள்பக்கம். பிறகு தரையில் விழும் நிழல். தம்ளரை ஒட்டிய இடத்தில் நிழல் கருமையாகவும் ஓரம் தெளிவாகவும் இருக்கும், விலக விலக வெளிறி ஓரம் கரையும்.

பிரதிபலிப்பைப் பார்க்க எனக்குக் கற்றுத் தந்தது பத்மநாபபுரம் அரண்மனையின் தரை. தக்கலையை அடுத்து, நம் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தாலும் அதைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்று சொல்வார்கள். கறுத்துப் பளபளக்கும். ஒருநாள் நவராத்திரி மண்டபத்தில் தூணையும் தரைக்குள் தெரியும் தூணையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தரைக்குள் இருக்கும் தூணில் வெளிச்சமான இடங்கள் மங்கியிருந்தன, செதுக்குகள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. திரும்பி வந்து அடுத்த நாள் தம்ளரில் தெரிந்த தரையை ஒரு படி மங்கலாகத் தீட்டினேன். அதுவரை தாளில் ஒட்டிய காகிதம்போல் இருந்த தம்ளர் அன்று உருண்டு நின்றது.

காப்பிக் கறைக்கு இனி வருவோம். தனியாக எடுத்து வைத்த டிகாக்‌ஷன் இதற்குத்தான். தம்ளருக்குள் இறங்கிய கோடுகளை அதைத் தொட்டே தீட்டுங்கள். ஒரு முறை தீட்டினால் வெளிர் பழுப்பு, காய்ந்த பிறகு மறுபடி தீட்டினால் அடர் பழுப்பு, மூன்றாவது முறையில் கருப்பட்டி நிறம். எந்த டியூப்பிலும் இந்தப் பழுப்பு எனக்குக் கிடைக்கவில்லை. பால் கலந்த காப்பியைத் தொடாதீர்கள். கொழுப்பு தாளில் படிந்து அதன்மேல் வண்ணம் ஒட்டாது, இரண்டு நாளில் வாடையும் வரும். கருப்பட்டி கலந்ததையும் தொடாதீர்கள். ஒரு மழைக்காலத்தில் நான் கருப்பட்டிக் காப்பியால் தீட்டிய ஐந்து பக்கங்களை எறும்பு மொய்த்துவிட்டது, விரட்டியதில் பென்சில் கோடும் கலைந்து போனது. டிகாக்‌ஷன் நிறம் வெயிலில் வெளிறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூடி வைக்கும் நோட்டில் டிகாக்‌ஷனால் தீட்டலாம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்குப் பர்ன்ட் சியன்னாவையே எடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு உட்கார்வாள். முதல் நாள் என் வண்ணத் தட்டைப் பார்த்துவிட்டு, "சித்தி, வெள்ளை எங்கே?" என்று கேட்டாள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள். வண்ணம் படாமல் விட்ட இடம்தான் வெள்ளை. அதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும், பிறகு திரும்ப வராது. அன்று தோவாளையிலிருந்து வந்த பிச்சிப்பூ ஒரு பந்து வாழையிலையில் இருந்தது. பூவை வரையாதே, பூவுக்கும் பூவுக்கும் இடையில் இருக்கும் நிழலை மட்டும் தீட்டு என்றேன். நீலம் கலந்த சாம்பலில் சின்னச் சின்ன முக்கோணங்களாகத் தீட்டிக்கொண்டே போனாள். பாதி போனதும் தாளில் பூ வெளியே வரத் தொடங்கியது. அவள் தூரிகையை அப்படியே பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

வெள்ளையை விட்டு வைப்பதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. கடைகளில் மாஸ்கிங் ஃப்ளூயிட் என்று ஒரு குப்பி விற்கிறார்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் அதைத் தடவிக் காயவிட்டு, மேலே வண்ணம் தீட்டி, பிறகு உரித்து எடுக்கலாம். அதில் இருப்பது பெரும்பாலும் ரப்பர் பாலும் அது கட்டிவிடாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியாவும்தான். வீட்டு முற்றத்தைத் தாண்டினால் ரப்பர் பால் சிரட்டை சிரட்டையாக இருக்கும்போது குப்பியை ஏன் வாங்க வேண்டும் என்று தோன்றியது. காப்பிக்கு வரும்போது, முதலில் வெட்டிய மரத்தின் சிரட்டை ஒன்றை எடுத்து வரும்படி வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்தேன்.

அன்று வரைந்தது அந்தச் சிரட்டையையேதான். வெளிப்பக்கம் நார் ஒட்டிய கரும்பழுப்பு, உள்ளே சுண்ணாம்பு கரைத்ததுபோல் பால், விளிம்பில் நேற்றைய ஒட்டுப்பால், அதாவது ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால், சுருண்டு தொங்கியது. பாலில் கொஞ்சம் நீர் கலந்து, கூராகச் சீவிய தென்னை ஈர்க்கால் தொட்டு, உள்ளே பால் இருக்கும் வட்டத்திலும் சுருண்ட இழையிலும் தடவினேன். இதற்குத் தூரிகையைப் பயன்படுத்தினால் மயிர் ஒட்டிக் கட்டியாகிவிடும், தூரிகையைத் தூக்கித்தான் போட வேண்டும். பால் காயக் காய வெள்ளை போய்க் கண்ணாடிபோல் மஞ்சள் பூத்தது. அதன்மேல் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் தாராளமாக ஓடவிட்டேன். அல்ட்ராமரினின் பொடி தாளின் பள்ளங்களில் போய்த் தங்கும். அப்படித் தங்கியதே சிரட்டையின் சொரசொரப்பாக அமைந்துவிட்டது. முழுக்கக் காய்ந்த பிறகு விரலால் தேய்த்தபோது ரப்பர் சுருண்டு சுருண்டு வந்தது, உள்ளே தாள் தூய வெள்ளையாக இருந்தது. நல்ல பசையேற்றிய தாளில்தான் இது சரிவரும். மெல்லிய தாளானால் ரப்பரோடு தாளின் தோலும் உரியும். வெயிலில் வைக்கக்கூடாது, அன்றைக்கே உரித்துவிட வேண்டும். மறுநாள் வரை விட்ட ஒரு பக்கத்தில் மஞ்சள் தங்கிவிட்டது. ரப்பர் பால் சிலருக்கு ஒவ்வாது. தோல் அரிக்கும் என்றால் தொட வேண்டாம். ரப்பர் இல்லாத ஊர்க்காரர்கள் குப்பியையே வாங்கிக்கொள்ளலாம், இதே ஈர்க்கு முறை அதற்கும் பொருந்தும்.

பழங்களில் மட்டியிலிருந்து தொடங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம், விரல் நீளமே இருக்கும், தாளில் இயல்பளவிலேயே வரையலாம். லெமன் மஞ்சளை முதலில் தீட்டி, பளபளப்பு அடங்கும் அந்த நொடியில் பர்ன்ட் சியன்னாவின் கெட்டிப் புள்ளிகளை வைத்தால், பழுத்த பழத்தின் புள்ளிபோலவே ஓரம் கரைந்து நிற்கும். முன்னதாக வைத்தால் ஓடிவிடும், தாமதித்தால் ஒட்டவைத்த பொட்டுபோல் இருக்கும். நிழல் பக்கத்துக்கு நீலத்தை மட்டும் எடுத்தால் மஞ்சள் பச்சையாகிவிடும். நீலத்தோடு கிரிம்சன் கலந்து ஊதாவாக்கி, அதை மிகக் கொஞ்சமாகச் சேர்த்தால் மஞ்சள் அழகாக மங்கும். செவ்வாழைக்குக் கிரிம்சனும் பர்ன்ட் சியன்னாவும். பழத்தைத் தின்றுவிட்டுத் தோலையும் வரையுங்கள். மேசையில் விரிந்து கிடக்கும் தோலில் உள்வெள்ளையும் வெளிமஞ்சளும் மாறி மாறிப் புரண்டு வரும், முழுப்பழத்தைவிட எனக்குப் பிடித்தது அதுதான்.

பாதி காய்ந்த இடத்தில் நீர் நிறைந்த தூரிகை பட்டால், அந்த நீர் வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர்போல் ஒரு வடிவத்தை விட்டுவிடும். ஈரக்காற்று நாட்களில் இது அதிகம். துடைத்துச் சரிசெய்யப் போகாதீர்கள், இன்னும் பரவும். காயவிட்டு, அடுத்த பூச்சில் அதை நிழலோடு சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். அலுமினியப் போணியின் அடியில் இருக்கும் கரிப்பூப்பு, மழையில் பாசி பிடித்த கிணற்றுச் சுவர் இவற்றையெல்லாம் நான் வேண்டுமென்றே இப்படித்தான் தீட்டுகிறேன்.

அரை மணி நேரம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். முடியாவிட்டாலும் நிறுத்துங்கள், நாளைக்கும் காப்பி உண்டு. அம்மா வந்து, "மக்களே, தம்ளரை எடுக்கலாமா?" என்று கேட்பார். எடுத்துப் போன பிறகு தாளின் கீழ் மூலையில் தேதி, வெயிலா சாரலா என்பது, யார் குடித்த தம்ளர் என்பது மூன்றையும் பென்சிலால் எழுதுகிறேன். பக்கத்தை உடனே மூடக்கூடாது. ஓரங்களை அழுத்திப் பிடிக்கும் கிளிப் போட்டு, காற்றோட்டமான அறையில் கொடியில் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் வெப்பத்தை நாடி அடுக்களையில் மட்டும் காயவைக்காதீர்கள். மதியம் மீன் பொரிக்கும் எண்ணெய்ப் புகை கண்ணுக்குத் தெரியாமல் தாளில் படியும். மறுநாள் அந்தப் பக்கத்தை முடிக்க உட்கார்ந்தால் நீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், வண்ணம் பிடிக்காது.